திரையில் தெரியும் சூடு உண்மையா? புரோசசர் வெப்பநிலை அளவீட்டின் கதை



புக்கிட் செலம்பாவில் என்னிடம் படித்த ஒரு மாணவன் சென்ற ஆண்டு பழைய கணினி ஒன்றை வாங்கினான். ஏஎம்டி ரைசன் 7 1700எக்ஸ் புரோசசர். அப்பாவின் சேமிப்புப் பணம். ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 65 டிகிரி காட்டியது. கடையில் காட்டினான். "சிப்பு போச்சு தம்பி, வேற மாத்தணும், 400 ரிங்கிட் ஆகும்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து வேறொரு மென்பொருளைப் போட்டான். அது 45 டிகிரி என்றது. "டீச்சர், எதை நம்புறது?" என்று கேட்டான்.

கேள்வி கணினியைப் பற்றியது என்றாலும், அது வரலாற்று வகுப்பின் கேள்வியும்கூட. ஒரு சான்று நம் கைக்கு வந்தால், அது எங்கிருந்து வந்தது, எப்படி உருவானது, எதற்காக உருவானது என்று கேட்கிறோம் அல்லவா? திரையில் தெரியும் எண்ணும் ஒரு சான்றுதான்.

இந்தக் கதையில் வரும் மூன்று நிறுவனங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர் மூன்றுமே 1970களின் தொடக்கத்தில் நம் பக்கத்துப் பினாங்கில், பாயான் லெப்பாசில் தொழிற்சாலை அமைத்தவை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1972இல் அங்கே வந்ததுதான். தோட்டத்தை விட்டு ஃபேக்டரி பஸ் ஏறிய நம் அக்காமார் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில்தான் வேலை பார்த்தார்கள்.

முதல் கேள்வி: எங்கே அளந்தது?

1978இல் வந்த இன்டெல் 8086 போன்ற தொடக்ககால புரோசசர்களில் வெப்பத்தை அளக்க எதுவுமே இல்லை. 1990களில் புரோசசர்கள் அதிகம் சூடாகத் தொடங்கியதும், மதர்போர்டு தயாரிப்பாளர்கள் புரோசசர் பொருந்தும் இடத்தின் அடியில் ஒரு சிறு வெப்ப உணரியை வைத்தார்கள். கணினியின் சூட்டைக் கண்காணிக்க நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்78 போன்ற சிப்புகள் வந்தன. ஆனால், அந்த உணரி அளந்தது புரோசசரின் அடிப்பக்கச் சூட்டைத்தான். உள்ளே இருக்கும் சிலிக்கானின் சூட்டை அல்ல. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகையின் வாசலில் தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு, உள்ளே அடுப்புப் பக்கம் எவ்வளவு சூடு என்று சொல்வது போன்றது அது.

பென்டியம் 3 காலத்தில் சிலிக்கானுக்குள்ளேயே ஒரு டயோடு வந்தது. சூடு ஒரு டிகிரி ஏறினால் டயோடின் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதை வைத்துச் சூட்டைக் கணக்கிடலாம். உணரி எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2001இல் உலகம் பார்த்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே புரோசசரின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பியது. ஏஎம்டி அத்லான் சில வினாடிகளில் புகைந்து போனது.

இரண்டாம் கேள்வி: எப்படிக் கணக்கிட்டது?

2006இல் இன்டெல் கோர் டுவோவுடன் டிஜிட்டல் உணரி வந்தது. இது நேரடியாக வெப்பநிலையைச் சொல்லாது. "வேகத்தைக் குறைக்க வேண்டிய எல்லைக்கு இன்னும் 40 டிகிரி இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும். அந்த எல்லை 100 என்று ஒரு மென்பொருள் வைத்துக்கொண்டால் விடை 60. 85 என்று இன்னொன்று வைத்துக்கொண்டால் விடை 45. இரண்டும் ஒரே உணரியைப் படித்தவைதான்! 2008இல் இன்டெல் பல புரோசசர்களின் எல்லை எண்களை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த கோர் ஐ7 முதல், எல்லை எண்ணைப் புரோசசரிலிருந்தே படிக்க முடிந்தது. இவ்வகை உணரிகள் எல்லைக்கு அருகில்தான் துல்லியமாக இருக்கும். குறைந்த சூட்டில் பிழை கூடும். காரணம், புரோசசரைக் காப்பாற்றத்தான் அவை செய்யப்பட்டன.

மூன்றாம் கேள்வி: எதற்காகச் சொன்னது?

என் மாணவனின் புதிருக்கு விடை இங்கேதான். 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையான சூட்டோடு 20 டிகிரியைக் கூட்டியே அறிவிக்கும். பல மாடல்களுக்கும் காற்றாடி ஒரே முறையில் சுழல வேண்டும் என்பதற்காக ஏஎம்டி அப்படி அமைத்தது. அதை அப்போதே வெளிப்படையாகவும் சொன்னது. விவரம் தெரிந்த மென்பொருள் 20ஐக் கழித்து 45 என்று காட்டியது. தெரியாத மென்பொருள் 65 என்று காட்டியது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 400 ரிங்கிட் மிச்சம்.

வீட்டிலேயே சோதிக்க

1. இரவு முழுதும் அணைத்து வைத்த கணினியைக் காலையில் திறந்ததும் பாருங்கள். காற்றாடியால் மட்டும் குளிரும் புரோசசர் அறையைவிடக் குளிராக இருக்க முடியாது. நம் ஊர் அறை 30 டிகிரி இருக்கையில் திரை 22 என்று காட்டினால் அது தவறு.
2. புதிய பதிப்பு மென்பொருள்கள் இரண்டை ஒப்பிடுங்கள். வித்தியாசம் எப்போதும் 10, 15, 20 என்று மாறாமல் இருந்தால், அது பெரும்பாலும் கணக்கின் வித்தியாசம்.
3. கனமான வேலை கொடுத்துப் பாருங்கள். எண் ஏற வேண்டும். நிறுத்தினால் இறங்க வேண்டும். அசையாத எண்ணை நம்ப வேண்டாம்.
4. 2020இல் பள்ளி வாசலில் நெற்றியில் காட்டினோமே, அந்தக் கருவியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது மேற்பரப்பைத்தான் அளக்கும். பளபளப்பான உலோகத்தில் தவறாகக் காட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, கட்டுரையில் ஒரு புள்ளிவிவரத்தைச் சேர்க்கும் முன் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே அளந்தது, எப்படிக் கணக்கிட்டது, எதற்காகச் சொன்னது? எண் என்றாலே உண்மை என்று நம்பியிருந்தால், அந்த அப்பாவின் பணம் போயிருக்கும்.