ஒத்திசைவு

எடிட்டிங் அறையில் ‘சிங்க் போயிடுச்சு’ என்பார்கள். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன், ‘குரோனோஸ்’ என்றால் காலம். அவற்றிலிருந்து வந்த ‘சிங்க்ரனைஸ்’ என்பதன் சுருக்கம்தான் ‘சிங்க்’. தமிழில் ஒத்திசைவு. இசைதல் என்றால் பொருந்துதல். இசைக்கு ஓசை என்றும் பொருள் உண்டு. படத்தோடு ஒலி பொருந்துவதைச் சொல்ல இதைவிட நல்ல சொல் இல்லை.

இந்த ஒத்திசைவு குலைய ஒரு காரணம் ஃபிரேம் வேகம். மொபைலில் எடுத்த வீடியோவில் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கு பெரும்பாலும் ஏறி இறங்கும். பல எடிட்டிங் மென்பொருள்கள் நிலையான வேகத்தை எதிர்பார்ப்பதால், எக்ஸ்போர்ட் செய்ததும் உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம். 30 ஃபிரேம் படத்தை 29.97 ஆக ஓட்டினாலே மணிக்கு 3.6 நொடி விலகும். இப்படி வளரும் விலகலுக்கு ஒலியை நகர்த்திப் பயனில்லை. தொகுக்கும் முன்பே நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.