'படைவீரனின் மகிழ்ச்சி': ஒரு பிடில் மெட்டின் பெயர் வரலாறு

ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளில் வழங்கும் விரைந்த குழுநடனத்தையும், அதற்குப் பிடிலில் வாசிக்கப்பெறும் மெட்டையும் 'ரீல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பர். அம்மெட்டுகளுள் மிகப் பரவலாக வழங்குவனவற்றுள் ஒன்று 'சோல்ஜர்ஸ் ஜாய்'. 'படைவீரனின் மகிழ்ச்சி' எனத் தமிழாக்கலாம். எட்டெட்டு அளவுகள் கொண்ட இரு பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பது மரபு. இயற்றியவர் பெயர் மறைந்துவிட, மெட்டு மட்டும் கைமாறி வந்துள்ளது.

கடல்கடந்து அமெரிக்கா சென்றபின் அதற்குப் பெயர்கள் பெருகின. 'பேடே இன் தி ஆர்மி' (படையில் சம்பள நாள்), 'லவ் சம்பாடி', 'ராக் த கிரேடில் லூசி' என்றெல்லாம் அழைக்கலாயினர். மெட்டுக்கு அவ்வப்போது இட்டுப் பாடிய அடிகளே பெயராக நின்றுவிடுதல் நாட்டாரிசையில் இயல்பு.

இங்கு ஆராயத்தக்கது பெயர்க்காரணம் பற்றிய ஒரு கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) காயமுற்ற வீரர் வலி மறக்க உட்கொண்ட மார்பினும் மதுவுமே அந்த 'மகிழ்ச்சி' என்பர். அமெரிக்காவில் பாடப்பெறும் சில வடிவங்களில் மார்பினுக்கு இவ்வளவு, பீருக்கு இவ்வளவு என்று காசுக் கணக்கே வருகிறது. கேட்க உருக்கமான விளக்கந்தான். (ஊர்ப்பெயருக்குக் கதை கட்டும் வழக்கம் நமக்கும் புதிதன்று.) ஆயினும் காலம் இடந்தரவில்லை. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஏர்டு 1782-இல் வெளியிட்ட இசைத்தொகுதியிலேயே மெட்டு இப்பெயருடன் அச்சேறிவிட்டது. அபினியிலிருந்து மார்பின் பிரித்தெடுக்கப்பட்டதோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எனவே பெயருக்குக் கதை மூலமன்று; கதைக்குப் பெயரே மூலம்.

கதையைத் தள்ளினாலும், அதனைப் புனைந்தோர் செவியை நான் குறை கூறேன். அப்பெயரினுள் ஒரு கசப்பை அவர்கள் கேட்டனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அதைக் கேட்டவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். 1785-இல் அவர் யாத்த 'தி ஜாலி பெக்கர்ஸ்' என்னும் இசைத்தொடர்நிலையில் இரவலர் சிலர் மதுக்கடையில் கூடிப் பாடுகின்றனர். முதற்பாடல் ஒரு முன்னாள் வீரனுடையது. ஜிப்ரால்டர் முற்றுகையில், மிதக்கும் பீரங்கித் தளங்களோடு நிகழ்ந்த போரில், ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவன் அவன். அப்போர் நிகழ்ந்ததும், ஏர்டின் தொகுதி வெளிவந்த அதே 1782-இல். இன்று அவன் இரந்துண்கிறான். முரசு ஒலித்தால் எஞ்சிய உடம்போடு மீண்டும் புறப்படுவேன் என்கிறான். அவனுக்குப் பர்ன்ஸ் தேர்ந்த மெட்டு 'சோல்ஜர்ஸ் ஜாய்'. கசப்பை அவர் சொல்லில் வைக்கவில்லை. மெட்டின் பெயரை அறிந்தோர் உணரட்டும் என விட்டுவிட்டார். கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க உத்தி இது. அத்தொடர்நிலை அச்சேறியது 1799-இல். பர்ன்ஸ் 1796-இலேயே மறைந்துவிட்டார்.

தாமஸ் ஹார்டியும் இப்பெயரைப் பயன்கொண்டார். 1874-இல் வெளிவந்த 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்' புதினத்தில், பண்ணைக்காரியை மணந்த படைவீரன் டிராயைச் சிறப்பிக்கவே பிடில்காரர் இம்மெட்டை முன்மொழிகிறார். ஆட்டம் முடிந்ததும் டிராய் ஆட்களைக் குடிக்க வைக்கிறான். புயல் சூழ்ந்த அவ்விரவில் தானியப் போர்களை மூடிக் காக்க ஓக்கும் பாத்ஷீபாவுமே போராடுகின்றனர். படைவீரன் களஞ்சியத்தில் மயங்கிக் கிடக்கிறான்.