இரைச்சலைக் களைதலும் குரலைக் காத்தலும் – ஒரு சிறு வரலாறு



பள்ளி விடுமுறையில் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தபோது, என் தாய்வழிப் பாட்டனாரின் குரல் பதிந்த ஒலிநாடா கிடைத்தது. 1942-43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டப்புறத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டு, உயிரோடு திரும்பியவர் அவர். 1980களில் ஒரு மாலைப்பொழுதில், தலைக்கு மேல் காத்தாடி சுழல, சிறியதொரு பதிவுக்கருவியில் என் மாமா அப்பேச்சைப் பதிவு செய்தார். அதில், தம்மோடு சென்று திரும்பாதவர்களின் பெயர்களைப் பாட்டனார் ஒவ்வொன்றாகச் சொல்கின்றார்.

ஒலிநாடாவைக் கடை ஒன்றில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றினேன். பின்னர் மென்பொருளின் துணையால் இரைச்சலைக் களைந்தேன். காத்தாடி ஓய்ந்தது, குரல் இனிமையாக ஒலித்தது. ஆனால், என் தாயார் அதனைக் கேட்டுவிட்டு, "செல்லப்பன் பெயரை எங்கே காணோம்? எல்லப்பன் என்றல்லவா கேட்கிறது?" என்றார். திடுக்கிட்டுப் போனேன். ஒரு சகர ஒலி மறைந்ததால் ஒரு மனிதரின் பெயரே மாறிவிட்டது. அந்த மனிதருக்கு இவ்வுலகில் எஞ்சியிருக்கும் பதிவு ஒருவேளை இந்த ஒன்றாகவே இருக்கலாம். இத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்று தேடியபோது கற்றவற்றையே இங்கே பகிர்ந்து கொள்கின்றேன்.

இரைச்சல் இருவகை

பேச்சுப் பதிவில் உள்ள இரைச்சலை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பதியும் பொருளிலேயே பிறப்பது. எடிசன் 1877இல் உருவாக்கிய கருவியில் வெள்ளீயத் தகட்டின் கரகரப்பு, இசைத்தட்டில் ஊசியின் உராய்வு, காந்த நாடாவில் 'உஸ்' என்னும் சீறொலி ஆகியவை இவ்வகை. மற்றொன்று, பதியும் இடத்திலிருந்து வருவது. காத்தாடி, மழை, வாகனம், கோழி கூவுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். முதல் வகைக்குக் கண்ட மருந்து இரண்டாம் வகைக்குப் பயன்படாது. இவ்வேறுபாட்டை அறியாமல் போனதே என் முதல் பிழை.

டால்பி கண்ட வழி

நாடாவின் சீறொலிக்கு முறையான தீர்வு தந்தவர் அமெரிக்கரான ரே டால்பி. இவர் 1963 முதல் 1965 வரை இந்தியாவில் ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராகப் பணியாற்றியவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அதன்பின் 1965இல் இலண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவருடைய கருத்து எளிமையானது. மெல்லிய ஒலிகளே சீறொலியில் மூழ்குகின்றன. ஆகவே, பதியும்போதே மெல்லிய ஒலிகளை உயர்த்திப் பதிய வேண்டும். கேட்கும்போது அதே அளவு தாழ்த்த வேண்டும். அவ்வாறு தாழ்த்தும்போது நாடாவின் சீறொலியும் உடன் தாழும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான 'ஏ' வகை, ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்து இதனைச் செய்தது. 1968இல் வந்த 'பி' வகை, வீட்டு ஒலிநாடாக்களுக்கு உரியது. உயர் அதிர்வெண்களில் மட்டும் ஏறத்தாழ 10 டெசிபெல் அளவுக்குச் சீறொலியைக் குறைத்தது. ஆற்றல் கணக்கில் இது பத்தில் ஒரு பங்காகக் குறைவதாகும்.

இம்முறையின் சிறப்பு, பேச்சுக்கு ஊறு செய்யாமையே. உயர்த்தியதும் தாழ்த்தியதும் சமமாக இருப்பதால் குரல் தன் பழைய நிலைக்கே திரும்பும். ஆனால், இரண்டு பாதிகளும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். டால்பி இன்றிப் பதிந்த நாடாவை டால்பியோடு இயக்கினால், உயர்த்தப்படாத ஒன்று தாழ்த்தப்படும். மெல்லிய உயர் ஒலிகள் மங்கிப்போகும். மேலும், காத்தாடியின் ஓசை ஒலிவாங்கிக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் பேச்சோடு சேர்ந்தே உயர்ந்து, சேர்ந்தே தாழும், குறையாது.

இரண்டு ஒலிவாங்கிகள்

சுற்றுப்புற இரைச்சலுக்கு வேறொரு வழி பிறந்தது. பெர்னார்ட் விட்ரோ என்னும் அறிஞர் 1960இல் டெட் ஹாஃப் என்பவருடன் சேர்ந்து, தன் பிழையைக் கண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வடிப்பியை வகுத்தார். 1975இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை அதனை இரைச்சல் நீக்கத்திற்குப் பயன்படுத்திக் காட்டியது. ஓர் ஒலிவாங்கி பேசுபவரின் முன் இருக்கும். மற்றொன்று இரைச்சலின் அருகே இருக்கும். இரண்டாவதைக் கொண்டு முதலாவதில் கலந்துள்ள இரைச்சலைக் கணித்துக் கழிப்பர். விமானி அறையின் பேச்சைத் தெளிவாக்கவும், தாயின் இதயத்துடிப்பிலிருந்து கருவிலுள்ள சேயின் துடிப்பைப் பிரிக்கவும் இம்முறை உதவும் என அவர்கள் காட்டினர்.

அருமையான முறைதான். ஆனால், பதியும் நாளிலேயே இரண்டு ஒலிவாங்கிகளை வைத்திருக்க வேண்டுமே! என் மாமாவிடம் இருந்தது ஒன்றே.

கழித்தல் கணக்கு

ஒரே ஒலிவாங்கியில் பதிந்த பேச்சுக்கு 1979ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் போல், பேச்சற்ற இடைவெளியில் இரைச்சலின் அளவை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அளந்து, பேச்சு உள்ள இடத்திலிருந்து அதனைக் கழிக்கும் முறையை வெளியிட்டார். இன்று பலரும் கையாளும் இலவச மென்பொருளான அடாசிட்டியில் 'இரைச்சல் மாதிரியை' முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதே குடும்பத்தைச் சார்ந்த வழக்கமே.

இரைச்சலோ கணத்துக்குக் கணம் மாறுவது. சராசரியைக் கழித்தால் சில இடங்களில் மிச்சம் நிற்கும். சில இடங்களில் பேச்சும் சேர்ந்து போகும். நின்ற மிச்சம் நீர்த்துளிகள் மணியோசையோடு விழுவது போல் ஒலிக்கும். இதனை 'இசை இரைச்சல்' என்பர். அதே 1979இல் பெரூட்டி, ஷுவார்ட்ஸ், மக்கூல் ஆகிய மூவர், சற்று மிகையாகக் கழித்துவிட்டு அடியில் சிறிதளவு இரைச்சலை வேண்டுமென்றே விட்டுவைத்தால் இக்குறை மறையும் என்று காட்டினர். 1984இல் எஃப்ராயிம், மாலா ஆகிய இருவர் நிகழ்தகவின் அடிப்படையில் இன்னும் நேர்த்தியான முறையைத் தந்தனர்.

காதுக்கு இனிமை கூடியது. சொல் தெளிவு கூடியதா? 2007இல் யீ ஹூ, பிலிப்போஸ் லொய்சூ ஆகியோர் எட்டு முறைகளை ஒப்பிட்டு, மக்களைக் கேட்கச் செய்து சோதித்தனர். கூட்டப் பேச்சு, மகிழுந்து, தெரு, இரயில் என நால்வகை இரைச்சல்கள். ஒரேயொரு சூழலைத் தவிர, எந்த முறையும் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறனைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தவில்லை. இனிமை வேறு, தெளிவு வேறு என்பதை இச்சோதனை நமக்கு உணர்த்துகின்றது.

கற்றுக்கொள்ளும் கணினி

அண்மைக் காலத்தில் செயற்கை நரம்பு வலையமைப்புகள் வந்துள்ளன. ஷான்-மார்க் வாலின் 2017இல் வெளியிட்ட 'ஆர்என்நாய்ஸ்' ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, எப்பட்டையை எவ்வளவு தாழ்த்துவது என்பதைப் பயிற்சியினால் கற்றுக்கொள்கின்றது. நிலையில்லாத இரைச்சலையும் இவ்வகை முறைகள் நன்றாகவே அடக்குகின்றன. ஆயினும், குரலைப் புதிதாக ஆக்கித் தரும் சில புதிய முறைகளில் பேசாத அசை ஒன்று தோன்றிவிடும் ஆபத்து உண்டு. உரையாடலுக்கு அது பொறுக்கத்தக்கது. சாட்சியத்திற்கு ஆகுமா?

இல்லாததை மீட்க இயலாது

அமெரிக்க அதிபர் நிக்சனின் அலுவலகத்தில் 1972 சூன் 20இல் பதிந்த நாடாவில் பதினெட்டரை நிமிடங்கள் வெறும் ரீங்காரமே உள்ளது. 1974இல் ஆறு வல்லுநர்கள் ஆராய்ந்து, குறைந்தது ஐந்து முறை தனித்தனியே அழிக்கப்பட்டுள்ளது என்று கூறினர். 2001இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், அழிந்த பேச்சை மீட்க முடியுமா என்று சோதனை நாடாக்களைக் கொண்டு முயன்று பார்த்தது. இயலாது என்று 2003இல் கைவிட்டது. களைய வல்லவர்கள் பலர். அழிந்ததைத் தர வல்லவர் எவருமிலர்.

என் பிழையும் திருத்தமும்

இவற்றையெல்லாம் கற்றபின் மூல நாடாவை மீண்டும் எடுத்தேன். நண்பர் ஒருவரின் ஒலிநாடாக் கருவியைக் கடன் பெற்று நானே இயக்கினேன். மூன்று உண்மைகள் புலப்பட்டன.

1. மாமாவின் கருவியில் டால்பி இல்லை. அந்த நாடாவை டால்பியோடு இயக்கிப் பார்த்தபோது, கடையில் மாற்றித் தந்த கோப்பைப் போலவே மங்கலாக ஒலித்தது. சகரத்தின் உயிர் இருப்பதே உயர் அதிர்வெண்களில்தான். அது அங்கேயே பாதி குன்றியது.

2. சிறிய பதிவுக்கருவிகள் ஒலியளவைத் தாமே சரிசெய்பவை. பாட்டனார் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் கருவி தன் உணர்திறனைக் கூட்ட, காத்தாடியின் ஓசை பெருகியது. அந்த இடைவெளியை நான் மாதிரியாகக் கொண்டதால், பேச்சின் அடியில் உண்மையில் இருந்ததைவிட மிகுதியாகக் கழித்துவிட்டேன்.

3. சகரம் ஓர் உரசொலி. கணினியின் கண்ணுக்கு அதுவும் இரைச்சலைப் போன்றதே. எஞ்சிய பாதியும் அவ்வாறு கழிந்தது.

டால்பியை அணைத்து, நாடாவின் மீது உராயும் ஒலித்தலையின் கோணத்தை உயர் ஒலி தெளியும் வரை திருத்தி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், எதனையும் களையாமல் புதிய கோப்பு எடுத்தேன். ஒலி ஆவணக் காப்பகத்தினர் வலியுறுத்தும் நெறியும் இதுவே: மூலப் படியில் எந்தச் சுத்திகரிப்பும் கூடாது; செய்வதை வேறொரு படியில் செய்ய வேண்டும். பிறகு ஒரு நகலில், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வை மட்டும் நீக்கினேன். காத்தாடி இன்னும் சுழல்கின்றது. ஆனால், 'செல்லப்பன்' என்று பாட்டனார் சொல்வது ஐயமின்றிக் கேட்கின்றது. தாயார் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் ஒருமுறை போடச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய நாடாக்கள் இருக்கலாம். அவை ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. முதலில் உள்ளது உள்ளபடியே படியெடுத்து வையுங்கள். கேட்பதற்கு இனிமை வேண்டுமாயின் நகலில் செய்யுங்கள். இன்று பெரியவர்களைப் பதிவு செய்வோர், ஒலிவாங்கியை அவர்தம் வாயருகே வைத்து, காத்தாடியைச் சற்று நேரம் நிறுத்துங்கள். நான் அறிந்தவற்றுள் ஆகச் சிறந்த இரைச்சல் நீக்கம் அதுவே.