செரியாக்ரியான் (ஊசித்தட்டான் பேரினம்)

செரியாக்ரியான் என்பது சீனாக்ரியோனிடே குடும்பத்தைச் சேர்ந்த ஊசித்தட்டான் பேரினம். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வெப்பப் பகுதிகளில் இதன் இனங்கள் ஏறத்தாழ ஐம்பது வாழ்கின்றன. சிவப்பு நிற இனமொன்று மட்டும் இங்கிலாந்தின் சதுப்புகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரிக்கரைக் கோரையிலும் வாய்க்கால் வரப்பிலும் எலுமிச்சை மஞ்சள் வாலுடன் திரிவது இப்பேரினத்தின் செரியாக்ரியான் கோரமண்டலியானம்.

பேரினப் பெயரை 1876-இல் சூட்டியவர் பெல்ஜிய அறிஞர் செலிஸ் லாங்ஷாம்ப்ஸ். மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். மெழுகு பூசியதுபோல் கீற்றும் புள்ளியும் இல்லாமல் வழவழப்பாகத் தெரியும் வாலைப் பார்த்தவர்களுக்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் இனத்துக்கு அதற்கும் முன்பே, 1798-இல், டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ் பெயரிட்டிருந்தார். கோரமண்டலம் என்பது சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் திரிந்த வடிவம் என்பர். பெயர் கடற்கரைக்கு உரியது என்றாலும் பூச்சி அங்கேயே நின்றுவிடவில்லை. கொங்கு நாட்டு வாய்க்கால் முதல் வட இந்தியக் குட்டைகள் வரை, இலங்கையிலும்கூட, மிகச் சாதாரணமாகக் கிடைக்கிறது.

ஊரில் எல்லாவற்றுக்கும் தட்டான் என்றே பெயர். கொஞ்சம் உற்றுப் பார்ப்பவர்களே ஊசித்தட்டான் என்று பிரிக்கிறார்கள். உட்காரும்போது தட்டான் இறகை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் மடக்கிக்கொள்ளும். கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் விலகி நிற்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்ற வழக்கு பெரிய தட்டான்களுக்கானது. ஊசித்தட்டான் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் பறக்கும். அதை நம்பி விதைத்தால் விதை போய்விடும்.

கோரமண்டலியானத்தின் ஆணுக்கு மார்பு ஆலிவ் பச்சை, வால் முழுதும் மஞ்சள். பெண் மங்கலான பழுப்பு. வயிற்றுப் பகுதி ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். அதே கரையில் பறக்கும் இஸ்க்னூரா ரூபிலியோ என்ற ஊசித்தட்டானும் மஞ்சளாக இருப்பதால் குழப்பம் வரும். அது இதைவிடச் சிறியது, வால் நுனியில் நீலம் உண்டு. கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இப்பேரினத்தை அடையாளம் காட்டுவது நெற்றிதான்: அங்கே குறுக்காக ஒரு கூரிய மேடு இருக்கும், கண்ணுக்குப் பின்னால் நிறப்புள்ளி இருக்காது.

உறவினங்களில் அழகு கூடியது செரியாக்ரியான் செரினோருபெல்லம்: நீலப்பச்சை மார்பு, செங்கல் சிவப்பில் தொடங்கி நடுவில் கறுத்து நுனியில் மறுபடி சிவக்கும் வால். அழகுக்கேற்ற சாது அல்ல, தன் சாதியான மற்ற ஊசித்தட்டான்களையே பிடித்துத் தின்னும். ரூபியே உடல் முழுதும் செம்மஞ்சள். ஒலிவேசியம் நிறம் மங்கியது. மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலிருந்து குரோமோதோராக்ஸ் என்ற புதிய இனம் 2019-இல்தான் விவரிக்கப்பட்டது. இத்தனை பேர் நடமாடும் நாட்டில், பளிச்சென்ற மஞ்சள் மார்புடன் ஒரு பூச்சி அதுவரை பெயரில்லாமல் பறந்திருக்கிறது.

முட்டையிடும் காட்சி தவறவிடக் கூடாதது. ஆண் தன் வால்நுனிப் பிடிப்பால் பெண்ணின் கழுத்தடியைக் கவ்வியபடி, நட்டு வைத்த குச்சிபோல் அவள்மேல் நிமிர்ந்து நிற்கும். பெண் நீர்ச்செடியின் தண்டையோ இலையையோ கீறி உள்ளே முட்டைகளைச் செருகும். வேறோர் ஆண் அவளைக் கவர்ந்து போகாதிருக்கவே இந்தக் காவல். பொரித்து வரும் இளம்பூச்சி வால்நுனியிலுள்ள இலை போன்ற மூன்று செவுள்களால் நீருக்குள் மூச்சுவிட்டு, மடக்கி வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழு போன்ற சிற்றுயிர்களைப் பிடிக்கும். வளர்ந்ததும் ஒரு தண்டில் ஏறித் தோலுரித்துக்கொண்டு பறந்துவிடும்.

ஆகவே இதற்கு வேண்டியது ஆழமான நீர் அல்ல, செடி முளைத்த ஓரம். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று கோரையையும் புல்லையும் வழித்தெடுத்துக் கல் பதித்த ஏரியில் தண்ணீர் ததும்பினாலும் முட்டையிட இடமில்லை. ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர்ப் பக்கம் நிலைமை வேறு. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிழலும் ஆண்டு முழுதும் ஈரமும் இருக்கும். பூச்சிமருந்தின் கை ஓங்காதவரை இவற்றுக்கு அது சொந்த வீடு. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. வழக்கமாக ஆகஸ்ட் 1-இல் திறக்கும் நீர் 137 நாள் ஓடி டிசம்பர் நடுவில் நிற்கும். மதகு இறங்கிய பின் கசிவுநீர்க் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, கிணற்றடிப் புல்லிலும் கொடிக்கால் ஓடையிலும் மஞ்சள் வால்கள் சில எஞ்சி நிற்கும்.