ஹாட் யோகாவுக்கு ஹீட்டர் வந்த கதை

டொரண்டோவில் இருக்கும் சித்தி மகள் போன மார்ச்சில் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஒரு பெரிய அறை, தரையில் வரிசையாகப் பாய்கள், சுவரில் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதில் 40.5. ஜன்னலுக்கு வெளியே பனி. "அண்ணே, இதான் நான் போற ஹாட் யோகா. ஐயாயிரம் வருசத்துப் பழைய முறையாம், கேட்டியளா?" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எங்க அம்மா, "இதுக்கா அங்க துட்டு குடுக்கா? சித்திரையில நம்ம மொட்டமாடிக்கு வரச் சொல்லு" என்றாள்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் இரண்டாவது மெசேஜும் வந்தது. இரண்டு வருஷமாக இருந்த இடுப்புவலி இதில்தான் போச்சாம். இப்போது அவளே டீச்சர் ஆக வேண்டுமாம். கோர்ஸ் ஃபீஸைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. "சேரட்டுமாண்ணே?" என்று கேட்டாள். எனக்கு யோகா தெரியாது. தேடத் தெரியும். சில வாரம் ராத்திரி உட்கார்ந்து தேடியதன் குறிப்புதான் இது.

முதலில் அந்த ஐயாயிரம் வருஷத்தைப் பார்த்துவிடுவோம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனங்கள் வருகின்றன. ஹடயோக பிரதீபிகையில் வியர்வை வருகிறது. மூச்சுப்பயிற்சியில் வரும் வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது. தபஸ் என்ற சொல்லின் வேரே சூடுதான். ஆனால் அந்தச் சூடு உள்ளே இருந்து வர வேண்டியது. அறையைச் சூடாக்கச் சொல்லும் இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதே பிரதீபிகை, பழக ஆரம்பிப்பவர்கள் நெருப்பில் குளிர்காய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறது!

இந்தக் கதை நிஜமாகத் தொடங்குவது கல்கத்தாவில். பிஷ்ணு சரண் கோஷ் (1903–1970), 'ஒரு யோகியின் சுயசரிதம்' எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. அண்ணன் 1920இல் அமெரிக்கா போனார். தம்பி 1923இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். வங்காளிகள் பலவீனமானவர்கள் என்று வெள்ளைக்காரன் கேலி செய்த காலம் அது. அதற்குப் பதில் சொல்வதுபோல தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்கள் வந்தன. கோஷ் அடிப்படையில் பாடி பில்டர். தசைகளைத் தனித்தனியாக அசைப்பது பற்றி 1930இல் புத்தகமே போட்டவர். பளு தூக்குவதையும் ஆசனங்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். அவருடைய சீடர் புத்த போஸ் 1939இல் ஆசனங்களைப் போட்டோக்களோடு புத்தகமாக்கினார்.

கோஷிடம் வலியோடு வருபவர்களுக்கு டாக்டர் சீட்டு மாதிரி ஆசனங்களை எழுதிக் கொடுப்பார்கள். முதுகுவலிக்கு ஒரு சீட்டு, ஆஸ்துமாவுக்கு வேறு சீட்டு. ஆளுக்கு ஆள் மாறும். ஹீட்டர் கிடையாது. கல்கத்தாவில் அதற்கு என்ன வேலை?

அந்தக் கூடத்தில் இருந்து வந்தவர்தான் பிக்ரம் சவுத்ரி. சின்ன வயதிலேயே தேசிய யோகா சாம்பியன் ஆனதாகவும், பளு தூக்கும்போது முழங்கால் நொறுங்கி கோஷ்தான் சரிசெய்ததாகவும் சொல்லிக்கொண்டவர். சாம்பியன் பட்டத்துக்கு ஆதாரம் தேடிக் கல்கத்தா வரை போனவர்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஹீட்டர் கதையும் அவர் சொன்னதுதான். ஜப்பானில் வகுப்பு எடுத்தபோது டோக்கியோ குளிருக்கு அறையில் ஹீட்டர் வைத்தார்கள். மாணவர்களின் உடம்பு சுலபமாக வளைந்தது. சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். இதை நம்பலாம் என்றே நினைக்கிறேன். குளிரில் விறைத்த உடம்பைக் கல்கத்தா வெப்பத்துக்குக் கொண்டுவர ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா போய் பெவர்லி ஹில்ஸில் கடை போட்டார். அங்கே எல்லாம் நிலையான அளவுக்கு வந்தது. 26 ஆசனம், 2 மூச்சுப்பயிற்சி, 90 நிமிஷம், 105 டிகிரி ஃபாரன்ஹீட் (நம் கணக்கில் 40.6), 40 சதவீத ஈரப்பதம். எல்லாருக்கும் ஒரே சீட்டு.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். உடம்பு வியர்த்து எவ்வளவு ஆறும் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை சொல்லும். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றினால் என்ன காட்டுமோ அது. பிக்ரம் அறைக்கு அது சுமார் 29 டிகிரி. 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால்? அதுவும் சுமார் 29! கடல்காற்று வீசும் தூத்துக்குடியில் அப்படி ஒரு நாள் செய்தியே ஆகாது. அம்மா சொன்னது கணக்கிலும் சரி. இந்த ஊர் உப்பளத்தில் வேலை செய்பவர்கள் விடியுமுன் மூன்று, நாலு மணிக்கே இறங்குவது வெயிலில் இருந்து தப்பிக்கத்தான். சூட்டை நல்லது என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, டீச்சர்கள் எப்படி வந்தார்கள்? 1994இல் பிக்ரம் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். ஹோட்டல்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டி, ஒன்பது வாரம், தினமும் இரண்டு வகுப்பு. கட்டணம் பிற்காலத்தில் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. சேர்ந்தவர்களில் பலர் முதலில் நோயாளிகள். முதுகு போனவர்கள், கார் விபத்தில் அடிபட்டவர்கள், குடியில் இருந்து மீண்டவர்கள். தன் உடம்பு தேறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இதை மற்றவர்களுக்கும் கொடுக்கணும் என்று வந்தவர்கள். எங்க சித்தி மகளும் அதே வழியில்தான் வந்து நிற்கிறாள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பயிற்சியின் மையம் 'டயலாக்'. 90 நிமிஷ வகுப்புக்கான வசனம், வரிக்கு வரி மனப்பாடம். டீச்சர் மேடையில் மைக்கோடு நின்று ஒப்பிப்பார், மாணவர்கள் செய்வார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே ஸ்கிரிப்டை எல்லா சர்வரிலும் ஓடவிடுவது. சிகாகோவிலும் சிங்கப்பூரிலும் ஒரே அவுட்புட். தொழிலுக்கு அபாரமான ஏற்பாடு. ஆனால் எதிரில் இருப்பவரின் முழங்காலைப் பார்த்துச் சீட்டை மாற்றி எழுதும் கோஷின் வேலை அதில் இல்லை. பிழைப்பும் ஒரே ஆளின் தயவில் நின்றது. சான்றிதழ் அவர் கொடுப்பது, ஸ்டூடியோ திறக்க அனுமதி அவர் கொடுப்பது. பகைத்துக்கொண்டால் வேலை போச்சு.

அதன் விலை 2013இல் தெரிய ஆரம்பித்தது. அவரிடம் பயின்ற பெண்கள் ஒவ்வொருவராக பாலியல் வன்முறை வழக்கு போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். 2016இல், அவருடைய நிறுவனத்தின் சட்ட ஆலோசகராக இருந்த மீனாட்சி ஜாஃபா-போடன் தொடுத்த வழக்கில் 70 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி. கொடுக்கவில்லை, நாட்டைவிட்டே போய்விட்டார். 2017இல் பிடிவாரண்ட். ஸ்டூடியோக்கள் பெயர்ப்பலகையில் இருந்து பிக்ரமை எடுத்துவிட்டு 'ஹாட் யோகா', '26 அண்ட் 2' என்று மாட்டின.

அப்படி மாட்ட முடிந்ததற்கு இன்னொரு வழக்கு காரணம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஆசன வரிசை தன் காப்புரிமை என்று 2002இல் பதிவுசெய்துகொண்டு, அனுமதி இல்லாமல் கற்பித்தவர்களுக்கு பிக்ரம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். எதிர்த்து 2003இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்ட டீச்சர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் 'ஓப்பன் சோர்ஸ் யோகா யூனிட்டி'. படித்ததும் எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். அது 2005இல் சமரசத்தில் முடிந்தது. 2011இல் அடுத்தது: தன்னிடம் பயிற்சி முடித்த இருவர் தொடங்கிய எவலேஷன் யோகா மீது பிக்ரம் தரப்பு வழக்கு. 2012இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஆசன வரிசைக்குப் பதிவு கிடையாது என்றது. 8 அக்டோபர் 2015இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. புத்தகத்தில் எழுதிய வாசகம் அவருடையது. அதில் விளக்கப்பட்ட முறை யாருடையதும் இல்லை. சமையல் குறிப்பு மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணக்குப்பதிவு முறை பற்றிய ஒரு புத்தகத்துக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத்தான் இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். சாஃப்ட்வேர் காப்புரிமைச் சண்டைகளில் எங்களுக்கும் அதுதான் ஆதித் தீர்ப்பு.

முத்துக்குளி கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இதில் இன்னொன்றும் தோன்றியது. பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், கம்பெனி என்று ஆளுக்கு ஆள் முத்துப் படுகைக்கு உரிமை கொண்டாடினார்கள். 1961இல் கடைசி முத்துக்குளிப்பு வரை சிப்பியில் அரசுக்குப் பங்கு போனது. ஆனால் கல்லைக் கட்டி இறங்கி ஒரு நிமிஷம் மூச்சடக்கும் வித்தையை, அப்பனிடம் இருந்து மகன் படித்துக்கொண்டான். அதற்கு ஒருத்தனும் பட்டா கேட்கவில்லை.

சித்தி மகளுக்கு என்ன சொன்னேன்? இரண்டு ஆய்வுகளை அனுப்பினேன். 2018இல் டெக்சஸில், 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு இதே 26 ஆசனங்களை 12 வாரம் சூட்டறையிலும் சாதாரண அறையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய்கள் விரியும் திறன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூடியது. பலன் ஆசனத்தில், சூட்டில் இல்லை. 2015இல் விஸ்கான்சினில் 20 பேரை அளந்தபோது, ஆண்களின் உள்வெப்பம் வகுப்பில் சராசரியாக 39 டிகிரியைத் தாண்டியது. அது காய்ச்சல் அளவு. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, இதய நோயாளி வந்தால் நீ என்ன செய்வே என்று அவளிடம் கேட்டேன். சேருமுன் அந்த இடத்தில் மூன்று கேள்வி கேட்கவும் சொன்னேன்: நினைத்தபோது தண்ணீர் குடிக்கலாமா, வெளியே போகலாமா, சொல்லிக்கொடுக்கும் வசனத்தை மாற்றலாமா.

முதல் இரண்டுக்கும் தாராளமாக என்று பதில். மூன்றாவதற்கு, "முதல் வருஷம் வேண்டாம்" என்றார்களாம். அவள் அங்கே சேரவில்லை. வேறொரு இடத்தில், சூடில்லாத அறையில் சாதாரண ஹட யோகா கோர்ஸில் சேர்ந்திருக்கிறாள். வாரம் இரண்டு நாள் மட்டும் பழைய 40.5க்குப் போகிறாள், மாணவியாக. "அது எனக்குப் பிடிக்கும்ணே, குளிருக்கு இதமா இருக்கு" என்கிறாள். டொரண்டோ ஜனவரியைப் பார்த்திராத நான் அதற்கு என்ன சொல்ல?