புதன், வெள்ளியின் வட்டங்கள்: நீலகண்ட சோமயாஜி செய்த திருத்தம்

கோபர்நிக்கசுக்கு அரை நூற்றாண்டு முன்பே சூரிய மையக் கொள்கையைக் கேரளம் கண்டுவிட்டது என்றொரு கூற்று அவ்வப்போது வலம்வருகிறது. அதை மறுப்போர், இந்திய வானியல் என்பதே கிரேக்கத்திலிருந்து வந்த கணக்குமுறையின் நகல் என்று முடித்துவிடுகின்றனர். இரு தரப்பும் அரிதாகவே மூலநூல் வரை செல்கின்றன. 1500ஆம் ஆண்டளவில் நீலகண்ட சோமயாஜி உண்மையில் செய்தது என்ன என்பது இவ்விரு கூற்றுகளையும்விடக் குறுகியது. ஆனால் அவற்றைவிட ஆழமானது.

சித்தாந்த நூல்களில் ‘கிரகம்’ என்பது விண்மீன்களின் பின்னணியில் இடம்பெயர்கின்ற எதையும் குறிக்கும். அதனால் சூரியனும் சந்திரனும் கிரகங்களே. ராகு என்பது சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகின்ற புள்ளி; கண்ணுக்குத் தெரியாத ஒரு கணித இடம். எஞ்சிய ஐந்தும் தாரா கிரகங்கள்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. இன்றைய பொருளில் கோள்கள் என்று அழைக்கத்தக்கவை அவற்றில் இவ்வைந்துமே. யுரேனசும் நெப்டியூனும் தொலைநோக்கி வந்த பிறகு அறியப்பட்டவை. பூமியைக் கோள்களின் வரிசையில் வைக்கும் எண்ணம் சித்தாந்த மரபில் எழவில்லை.

இவ்வைந்தின் கணக்கு ஆரியபடருக்கு முழு எண்களாகவே கிடைத்திருந்தது. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் வியாழன் 3,64,224 முறை சுற்றுகிறது, சனி 1,46,564 முறை சுற்றுகிறது என்கிறது ஆரியபடீயம். வகுத்துப் பார்த்தால் வியாழனுக்கு 11.86 ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 29.5 ஆண்டுகளும் வருகின்றன. இவை சூரியனைச் சுற்ற அக்கோள்கள் எடுத்துக்கொள்ளும் காலங்களே. புதனுக்கும் வெள்ளிக்கும் வந்தால் அட்டவணையின் தன்மை மாறுகிறது. புதனின் ‘சீக்ரோச்சம்’ 1,79,37,020 முறை சுற்றுவதாகக் கூறப்படுகிறது, அதாவது 87.97 நாளுக்கு ஒரு சுற்று. வெள்ளியின் சீக்ரோச்சத்துக்கு 224.7 நாள். நவீன அளவீடுகளோடு ஒத்துப்போகும் இந்த எண்கள் கோளுக்கு உரியவையாக அல்லாமல், கோளை இழுப்பதாகக் கருதப்பட்ட ஒரு புள்ளிக்கு உரியவையாகவே எழுதப்பட்டன. கோளின் இடைநிலை நகர்வாக அங்கு வைக்கப்பட்டது சூரியனின் சராசரி நகர்வு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கோளின் உண்மை நிலையைக் காண இரு திருத்தங்கள் செய்யப்பட்டன. முதலாவது மந்த சம்ஸ்காரம்: கோளின் பாதை மையத்திலிருந்து விலகியிருப்பதால் அதன் வேகம் மாறுவதைக் கணக்கில் கொள்வது. இரண்டாவது சீக்ர சம்ஸ்காரம்: நாம் நிற்கும் பூமியிலிருந்து கோள் எங்கே தோன்றும் என்பதைக் காண்பது. செவ்வாய், வியாழன், சனிக்கு மந்தத் திருத்தம் கோளின் சொந்த நகர்வின் மீது செய்யப்பட்டது, அது முறையானது. புதனுக்கும் வெள்ளிக்கும் அதே திருத்தம் சராசரிச் சூரியன் மீது செய்யப்பட்டது. புதனின் வட்டத்துக்குரிய விலகலைச் சூரியனின் இருப்பிடத்தோடு சேர்ப்பது பொருந்தாத செயல். தாலமியின் அமைப்பிலும் இதே குறை உண்டு.

ஆயிரம் ஆண்டுகள் இக்குறை நீடித்ததில் வியப்பில்லை. வெள்ளியின் பாதை ஏறத்தாழ முழு வட்டம். அங்கே பிழை சிறிது. புதனின் பாதையோ நன்கு விலகியது, ஆனால் அது சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் அகலுவதில்லை. அந்திக் கருக்கலில் சிறிது நேரம் தென்பட்டு மறையும் கோளைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதன்று.

ஆனால் பழைய நூல்களே ஒரு குறிப்பை விட்டுச்சென்றிருந்தன. கோள் கிராந்தி வட்டத்திலிருந்து வடக்கிலோ தெற்கிலோ விலகும் அளவு விக்ஷேபம் எனப்படும். புறக்கோள்களுக்கு அதனைக் கோளின் இருப்பிடத்திலிருந்து கணித்த அதே நூல்கள், புதனுக்கும் வெள்ளிக்கும் சீக்ரோச்சத்தின் இருப்பிடத்திலிருந்து கணிக்கச் சொன்னன. விதி சரியான விடையைத் தந்தது, காரணம்தான் விளங்கவில்லை. இரண்டாம் பாஸ்கரரும் இதைப் பற்றி விவாதித்துள்ளார்.

நீலகண்டர் 1444இல் பிறந்தார். ஊர் திரூருக்கு அருகிலுள்ள திருக்கண்டியூர். அவருடைய ஆசிரியர் தாமோதரர். தாமோதரரின் தந்தை பரமேசுவரர், 1431இல் திருக்கணித முறையை வகுத்தவர். பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்தார் என்று நீலகண்டரே எழுதியிருக்கிறார். கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லையெனில் கணக்கைத்தான் திருத்த வேண்டும் என்பது அந்த வீட்டு மரபு. அவருடைய ஜோதிர்மீமாம்சை என்ற நூல் முழுவதும் இந்த நிலைப்பாட்டுக்கான வாதம்.

எட்டு அத்தியாயங்களும் 432 சுலோகங்களும் கொண்ட தந்திரசங்கிரகத்தில் அவர் செய்த மாற்றம் சிறிய விதியாகவே தோன்றும். புதனுக்கும் வெள்ளிக்கும் இதுவரை சீக்ரோச்சம் என்று அழைக்கப்பட்டதே கோளின் இடைநிலை என்று கொண்டு, மந்தத் திருத்தத்தை அதன் மீதே செய்யச் சொல்கிறார். சீக்ரோச்சத்தின் இடத்தில் ஐந்து கோள்களுக்கும் சூரியனே வருகிறது. அகக்கோள்களுக்குக் கோளின் வட்டம் சிறியது, சூரியனின் வட்டம் பெரியது என்பதால் வட்டங்களின் விகிதமும் அதற்கேற்பத் தலைகீழாகிறது.

நூல் காரணம் கூறவில்லை. காரணம் முதுமையில் எழுதிய ஆரியபடீய பாஷ்யத்தில் வருகிறது. ஒன்றின் விலகல் அதனுடைய நகர்வினால்தான் ஏற்பட முடியும். வேறொன்றின் நகர்வினால் எப்படி ஏற்படும் என்று கேட்கிறார். விக்ஷேபம் சீக்ரோச்சத்தின் நகர்வைப் பின்பற்றுகிறது என்றால், அந்தச் சீக்ரோச்சம் கோளேயன்றி வேறில்லை. பின் ஏன் ஓராண்டில் சுற்றுவதாகத் தோன்றுகிறது? புதனின் வட்டமும் வெள்ளியின் வட்டமும் பூமியைத் தமக்குள் கொள்ளவில்லை. அவ்வட்டங்களுக்கு வெளியே நிற்கும் நமக்கு, அவை சூரியனோடு சேர்ந்து ராசிச் சக்கரத்தைச் சுற்றுவதே தெரிகிறது. புதன் 88 நாளில் முடிக்கும் தன் சுற்றைச் சுற்றாக நாம் காண்பதில்லை.

இதிலிருந்து எழும் சித்திரத்தில் ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன. சூரியன் பூமியைச் சுற்றுகிறது. டென்மார்க்கின் டைகோ பிராகி 1588இல் வெளியிட்ட அமைப்பு ஏறத்தாழ இதே வடிவினது. ஆகவே ‘சூரிய மையம்’ என்ற சொல் இங்குப் பொருந்தாது. நீலகண்டரின் பூமி நகரவில்லை. பூமி தன் அச்சில் சுழல்கிறது என்ற ஆரியபடரின் கருத்தையும் பிற்காலச் சோதிடர் பெரும்பாலும் ஏற்கவில்லை. மறுபுறம், புதன், வெள்ளியின் மந்தத் திருத்தத்தை அந்தந்தக் கோளின் பாதையோடு இணைப்பதில் 1543இன் கோபர்நிக்கசு முழு வெற்றி பெறவில்லை. அது கெப்ளரின் காலத்தில்தான் ஐரோப்பாவில் தீர்ந்தது. கேரளத்துச் செய்தி ஐரோப்பாவுக்குச் சென்றது என்பதற்கு ஆவணச் சான்று இல்லை. முன்னவர் யார் என்ற பந்தயத்துக்கு இவ்வரலாறு பயன்படாது. கிடைத்த அதே எண்களை வைத்துக்கொண்டு, ஒரு விதியின் உட்பொருளை வினவியே ஒருவர் கோள்களின் வட்டங்களை இடம் மாற்றினார் என்பதே இதில் கவனத்துக்குரியது.

ஆரியபடீய பாஷ்யம் திருவனந்தபுரத்தில் 1930களில் அச்சேறத் தொடங்கியது. தந்திரசங்கிரகம் 1958இல் வந்தது. ஆயினும் இத்திருத்தத்தின் வானியல் பொருளை விரிவாக எடுத்துரைத்த கட்டுரை 1994இல்தான் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியானது. எழுதியோர் கே. ராமசுப்பிரமணியன், எம்.டி. சீனிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம், சென்னையில் செய்யப்பட்ட ஆய்வு.

தமிழகத்துக்கும் நீலகண்டருக்குமான தொடர்பு அதற்கும் நெடுங்காலம் முற்பட்டது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய சுந்தரராசர் தமிழ்நாட்டவர், நீலகண்டரின் சமகாலத்தவர். வானியல் ஐயங்களை அவர் கேள்விகளாக எழுதி நீலகண்டருக்கு அனுப்பி விடை பெற்றார். அக்கேள்விகளும் விடைகளும் சேர்ந்து ஒரு தனி நூலாகவே குறிப்பிடப்படுகின்றன. அந்த உரை 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்துச் சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. ஆறு தரிசனங்களிலும் கரைகண்டவர் என்று நீலகண்டரை அதில் சுந்தரராசர் போற்றுகிறார்.