ஆஷா சகாய்: படைக்கலமும் எழுதுகோலும்

புகழ்பெற்ற தந்தையர்க்குப் பிறந்தோருட் பலர், தந்தையின் பெயரால் அறியப்படுவதோடு அமைந்துவிடுகின்றனர். தந்தை காட்டிய வழியிற் சென்றும், தம் எழுத்தாலே தமக்கெனத் தனியிடம் தேடிக்கொண்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஆஷா என வழங்கப்பெறும் பாரதி சகாய் சௌத்ரி. அவர் வட இந்தியக் குடும்பத்தினர்; வளர்ந்ததோ யப்பானில். எனினும், இறப்பர் மரங்களிடையே வாழ்ந்த சப்பிரகமுவத் தோட்டத் தமிழர் கருதுதற்குரிய உண்மையொன்று அவர் வரலாற்றில் அடங்கியுள்ளது.

ஆஷாவின் தந்தை ஆனந்த மோகன் சகாய், பீகாரிலே பிறந்து, ஒத்துழையாமை இயக்கத்தின்பொருட்டு மருத்துவக் கல்வியைத் துறந்தவர். இராஜேந்திர பிரசாத்தின் செயலாளராகப் பணிபுரிந்தவர். 1923 இல் யப்பான் சென்று, கோபே நகரிலிருந்து இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டார். சுபாஸ் சந்திர போஸ் 1943 ஒக்டோபர் 21 இல் சிங்கப்பூரில் அமைத்த சுதந்திர இந்திய அரசில் அமைச்சர் நிலையிற் செயலாளராயினார். தாய் சதி சென், தேசபந்து சித்தரஞ்சன் தாசரின் மருமகள் முறையினர்.

இவ்விருவர்க்கும் 1928 இல் கோபே நகரிற் பிறந்தவரே ஆஷா. வீட்டிலே பேசப்பட்டது இந்திய விடுதலை. பள்ளியிலே பயின்றதோ யப்பானிய மொழி. காணாத நாட்டைத் தாய்நாடாகக் கொண்டு வளர்ந்த அவர், போர் முடியுந் தறுவாயில், 1945 இல், பாங்கொக் நகரில் ஜான்சி இராணிப் படையிற் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 17. அவ்வாண்டு ஓகஸ்டில் யப்பான் சரணடைந்தது. பின்னர் ஆஷா இந்தியாவுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தார்.

போர்க்காலத்தில் அவர் யப்பானிய மொழியிலே நாட்குறிப்பு எழுதிவந்தார். பின்னாளில் அதனைத் தாமே இந்தியில் ஆக்கினார். 2022 இல் அஃது ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தது. குண்டுவீச்சுக்குள்ளான நகரில் வாழ்ந்த மாணவியின் அச்சமும் ஆர்வமும், தலைவர்மீது கொண்ட பற்றும் அவ்வாறு அழியாது காக்கப்பெற்றன. படைக்கு வழிகாட்டியது தந்தையின் பெயராயிருக்கலாம். வரலாற்றிலே நிலைபெறச் செய்தது அவருடைய எழுதுகோலே.

இனி, அப்படையிலிருந்த பிறரை நோக்குவோம். கப்டன் இலட்சுமியின் தலைமையில் 1943 இல் உருவான ஜான்சி இராணிப் படையிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவருட் பலர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர். பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் துப்பாக்கி ஏந்தின. அதே காலத்தில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப் பெண்கள் மறுதரப்புக்குப் பயன்பட நேர்ந்தது. 1942 இல் மலாயா யப்பானியர் வசமானபின், நேசநாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. மரங்கள் மிகையாக வெட்டப்பட்டுப் பால் எடுக்கப்பட்டது. ஒரே மொழி பேசி, ஒரே தொழில் செய்த பெண்கள் ஒரே போரின் இரு பக்கங்களிலும் உழைத்தனர். இரு சாராரிலும் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். ஆகவே, ஆஷாவைப்போல் நாள்தோறும் எழுதிவைக்க அவருட் பெரும்பாலோர்க்கு இயலவில்லை. பலருடைய பெயர் தோட்டத்துச் செக்றோலோடு நின்றுவிட்டது.

எழுத்தின்மையால் விளைந்த இழப்பு புகழளவில் நிற்கவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர், 1949 இன் சட்டப்படி குடியுரிமை கோரியபோது, தாம் இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியவராயினர். தலைமுறை தலைமுறையாக இங்கு உழைத்தோரும் ஏட்டுச் சான்றின்றி இடருற்றனர். வாழ்ந்த வாழ்வே சான்றாகக் கொள்ளப்படவில்லை.

ஆஷாவின் வரலாறு உணர்த்துவது இதுவே: வீரம் பலர்க்கும் பொது, நினைவில் நிற்பதோ எழுதப்பட்ட வீரமே. சப்பிரகமுவத் தோட்டங்களில் மூதாட்டியர் நெஞ்சில் இன்னும் எஞ்சியுள்ள செய்திகளைக் கேட்டு எழுதிவைத்தல் கற்றறிந்த இளைஞர் கடனாகும். புகழ்வாய்ந்த தந்தை இல்லாதார்க்கும் வரலாறு உண்டு. அதனைக் காக்க ஓர் எழுதுகோல் வேண்டும்.